முகம் எட்டு இஞ்சு

போன வருடம் ஏழாம் வகுப்புக்கு நேர் விகிதமும் எதிர் விகிதமும் நடத்தி முடித்த கையோடு, பத்து மார்க்குக்கு ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். ஒரு பையன் பெயர், வகுப்பு, தேதி மூன்றையும் மணிமணியாக எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டு, மிச்சத்தை வெறும் தாளாகத் தந்தான். பூஜ்யம் போட ஒரு நொடி போதும். ஆனால் அவனுடைய அப்பா எங்கள் மயிலாடியில் சிற்பப் பட்டறையில் வேலை செய்கிறவர். கல்லும் அளவுமாக வளர்கிற பிள்ளைக்கு விகிதம் தெரியாமல் போகுமா என்று மனசு ஒப்பவில்லை. மதிய இடைவேளையில் அவனைக் கூப்பிட்டேன்.

"லீவுக்கு அப்பா கூட பட்டறைக்குப் போவியா மக்களே?"

"போவேன் டீச்சர்."

"ஆறடியில ஒரு அம்மன் சிலைக்கு ஆர்டர் வந்திருக்குன்னு வை. முகம் எத்தன இஞ்சு வரும்?"

"நவதாலமா டீச்சர்?"

"ஆமா."

"எட்டு இஞ்சு."

தாள் கேட்கவில்லை, விரல் மடக்கவில்லை. எப்படி வந்தது என்று கேட்டேன். "ஆறடின்னா எழுவத்திரண்டு இஞ்சு. அதுல ஒம்பதுல ஒரு பங்கு முகம். நாலரை அடின்னா ஆறு இஞ்சு வரும்" என்று, நான் கேட்காத கணக்கையும் சேர்த்துச் சொன்னான்.

தாலக் கணக்கு தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிற்ப சாஸ்திரத்தில் சிலையின் முகத்து நீளம் ஒரு தாலம். ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். நவதாலச் சிலை என்றால் உயரம் 9 தாலம், அதாவது 108 அங்குலம். இந்த அங்குலம் கடையில் வாங்குகிற ஸ்கேலில் இருக்கிற இஞ்சு இல்லை. சிலை பெரிதானால் அங்குலமும் பெரிதாகும், சிறிதானால் சிறுக்கும். கை எவ்வளவு, தொடை எவ்வளவு, மூக்கு எவ்வளவு என்பதெல்லாம் இந்த ஒற்றை முகத்திலிருந்துதான் பிறக்கிறது. விகிதம் என்ற கருத்தை இதைவிடச் சுத்தமாக ஒரு பிள்ளைக்குக் காட்டிவிட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பையன் கையில் அது இருந்தது. நான் கொடுத்த தாளில் இருந்ததோ ஐந்து பேனாவின் விலை, பன்னிரண்டு பேனாவின் விலை. இரண்டும் ஒரே கணக்கு. அவனுக்கு அது ஒரே கணக்கு என்று தெரியவில்லை. அவனிடம் அது இருக்கிறது என்று எனக்கும் என் தேர்வுக்கும் தெரியவில்லை.

இது எங்கள் ஊரில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை. பிரேசிலின் ரெசிஃபி நகரத்தில் தெருவில் தேங்காய் போன்றவற்றை விற்கிற பிள்ளைகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 1985இல் வந்தது. வியாபாரத்தில் கிட்டத்தட்டப் பிசகே இல்லாமல் கணக்குச் சொன்ன அதே பிள்ளைகள், தாளில் அதே கணக்கைப் பெரும்பாலும் தப்பாகப் போட்டார்கள். 2025 தொடக்கத்தில் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் எழுதிய ஆய்வு வந்தது. கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்கிற பிள்ளைகளிடமும் இதையே கண்டார்கள். அதோடு நிற்காமல் மறுபக்கத்தையும் பார்த்தார்கள்: தாள் கணக்கில் தேறுகிற பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். என் தூக்கத்தைக் கெடுத்தது அந்த இரண்டாவது பாதிதான். நூற்றுக்கு நூறு வாங்கித் தருகிறோம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பிள்ளைகளின் கையில் உண்மையில் என்ன இருக்கிறது?

எங்கள் அப்பாவும் பட்டறைக்காரர்தான். மயிலாடிக்கு வந்தவர்களுக்குத் தெரியும். ரோட்டோரம் இரண்டு பக்கமும் கருங்கல் கிடக்கும், பாதி பிறந்த நந்தியும் பிள்ளையாரும் வெயிலில் காத்திருக்கும். சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் திருப்பணிக்கு வந்தவர்களின் வழியாக இங்கே இந்தத் தொழில் வேர்விட்டது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று மயிலாடிக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது ஊரே உளிச் சத்தத்தில்தான் விழிக்கும். இப்போது அந்தச் சத்தத்தின் மேல் கட்டர் மெஷினின் இரைச்சல் ஏறிக் கிடக்கிறது.

அப்பாவிடம் அண்ணன் தொழில் பழகியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் தண்ணீர் கொண்டுவருவது, உளியைச் சூடேற்றித் தீட்டுவது. பிறகு அம்மி, ஆட்டுரல் பொளிவது. பிறகு பீடம். பீடத்தில் தாமரை இதழ் ஒழுங்காக விழுந்தால் ஆடை மடிப்பு, அதற்குப் பிறகு கை, விரல். முகத்துக்கு வர வருடங்கள் ஆகும். கண்ணை அப்பா யாருக்கும் விட்டதில்லை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு எப்போது ஏற்றுவார் என்பதற்குத் தேதி கிடையாது. முடிவு சொல்கிற நாளும் கிடையாது. ஒருநாள் காலையில் வேறொரு கல்லைக் காட்டி "இதை எடு" என்பார். அண்ணன் பாஸ் ஆகிவிட்டான் என்று எங்களுக்கு அப்போதுதான் தெரியும்.

ஒரு சாயங்காலம் நினைவிருக்கிறது. அண்ணன் இதழ் செதுக்கி முடித்திருந்தான். பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன. அப்பா குனிந்து பார்க்கவே இல்லை, உள்ளங்கையால் பீடத்தைச் சுற்றித் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் கை நின்றது. அண்ணனின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார்.

"தெரியுதாலே?"

"தெரியல அப்பா."

"செரி. நாளைக்குத் தெரியும்."

மறுநாளும் அதே பீடம்தான். மூன்றாம் நாள் அண்ணன் தானாகவே அந்த இடத்தைக் கண்டுபிடித்தான்.

இத்தனை வருடம் வகுப்பில் நின்ற பிறகு அந்தச் சாயங்காலத்தைத் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். கல்லில் கூடுதலாக எடுத்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது. அதனால் பட்டறையில் தப்பைச் சொல்கிறவர்கள் கல் மிச்சம் இருக்கும்போதே சொல்லிவிடுவார்கள். நாங்கள் அரையாண்டு முடிந்து, தாள் திருத்தி, விடுமுறை கழிந்து பிள்ளை கையில் மார்க்கைக் கொடுக்கும்போது அடுத்த பாடத்தில் பாதி ஓடியிருக்கும். 37 என்று இருக்கும். எந்த இடத்தில் கை நிற்க வேண்டும் என்று அந்த 37 சொல்லாது.

இதைப் படித்துவிட்டு, பரீட்சையே வேண்டாம், எல்லாரையும் பட்டறைபோலச் சோதிக்கலாம் என்கிற முடிவுக்கு யாரும் வந்துவிட வேண்டாம். அந்தப் பட்டறையில் எனக்கு உளி தரவில்லை. பெண்பிள்ளைக்குத் தருகிற வழக்கம் இல்லை. ஆசாரிமார் வீட்டில் பிறக்காத பையனுக்கும் அன்றைக்கு அங்கே சுலபமாக இடம் கிடைத்துவிடாது. ஆசான் முகத்தைப் பார்த்துக் கற்பிக்கிற இடத்தில், யாருடைய முகம் அங்கே வரலாம் என்பதையும் ஆசானேதான் முடிவு செய்கிறார். அப்பா நல்ல மனுஷர். என்னை உயிராக நினைத்தவர். ஆனாலும் நான் தூரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்குக் கிடைத்தது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. ஒரு பதிவெண், ஒரு விடைத்தாள், எங்கேயோ ஒரு திருத்தும் மையம். என் தாளைத் திருத்தியவர் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கும் நான் ஆணா பெண்ணா, என்ன சாதி, அப்பா என்ன வேலை என்று தெரியாது. கணக்கில் நான் எழுதியது சரி என்று மட்டும் அவருக்குத் தெரிந்தது. அந்த மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். பொதுத்தேர்வை எவ்வளவு திட்டினாலும் இந்த நன்றிக்கடனை நான் மறக்க மாட்டேன்.

எங்கள் ஊருக்கு இதில் ஒரு பழைய கதையும் உண்டு. மயிலாடிக்காரரான வேதமாணிக்கம் என்பவரின் அழைப்பில், லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்கிற ஜெர்மானியப் பாதிரியார் 1806இல் தென்திருவிதாங்கூருக்கு வந்தார். 1809இல் இங்கே பள்ளிக்கூடம் தொடங்கினார். கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே விடப்படாத குடும்பத்துப் பிள்ளைகள் பலகையில் எழுதிப் படித்தார்கள். 1818இல், அவருக்குப் பின் வந்த மீட் என்கிற பாதிரியார் அதை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார். அந்த வேரிலிருந்து வந்ததுதான் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி. பிறப்பு சொல்லாததை எழுத்து சொல்லும் என்று இந்த மாவட்டம் நம்பத் தொடங்கியது அங்கிருந்துதான் என்று நான் நினைக்கிறேன். குமரி மாவட்டத்துப் பெற்றோர் மார்க்குக்காக இப்படி உயிரை விடுவதற்கும் அதுதான் காரணம். அதைப் பேராசை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் பரீட்சை என்கிற அந்த ஒற்றை நாள் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதையும் கண்ணால் பார்க்கிறேன். சுசீந்திரம் கோயிலில் ஒரு காலத்தில் கைமுக்கு என்றொரு வழக்கம் இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் கொதிக்கிற நெய்யில் கையை முக்க வேண்டும். கையைக் கட்டி வைத்து, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். வெந்திருந்தால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. சுவாதித் திருநாள் மகாராஜா காலத்தில் அதை நிறுத்தினார்கள். மார்ச் மாதத்தில் தேர்வுக்கூட வாசலில் பிள்ளைகள் உள்ளங்கை வேர்த்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கைமுக்கு நினைவுக்கு வந்துவிடுகிறது. காய்ச்சலோடு எழுதினவளுக்கும், முந்தின ராத்திரி வீட்டில் சண்டை நடந்தவனுக்கும் அதே மூன்று மணி நேரம்தான். 2017இல் பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு நிறுத்தியபோது நான் மனசாரச் சந்தோஷப்பட்டேன். தினத்தாளில் ஒரு பிள்ளையின் சிரிப்புப் படத்தைப் பார்த்து எத்தனை வீட்டில் எத்தனை பிள்ளை அடி வாங்கியிருக்கும்.

பொதுத்தேர்வே இல்லாமல் போன காலத்தையும் பார்த்துவிட்டோம். கொரோனா வந்த 2020இல் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டு மார்க்கிலிருந்து 80 சதவீதம், வருகைப் பதிவிலிருந்து 20 சதவீதம் என்று கணக்கிட்டு எல்லாரையும் தேர்ச்சி என்றார்கள். அந்த நேரத்தில் வேறு வழி கிடையாது. ஆனால் அரையாண்டுக்குப் பிறகு கண்விழித்துப் படிக்கத் தொடங்கிய பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் ஏறிய படி எந்தக் கணக்கிலும் வரவில்லை.

மாற்று வழிகளை நம் மாநிலம் முயன்று பார்க்காமல் இல்லை. ஆந்திரத்து ரிஷிவேலி பள்ளியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய அட்டை முறையைப் பார்த்து, 2003இல் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி. விஜயகுமார் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். நாலைந்து வருடத்தில் அது மாநிலம் முழுக்க வந்தது. ஒன்று முதல் நான்கு வகுப்புக் குழந்தைகள் தரையில் பாயில் உட்கார்ந்து, ஏணிப்படியில் தங்கள் மைல்கல்லைத் தாங்களே பார்த்து, அட்டையைத் தாங்களே எடுத்து வருவார்கள். சுவரில் குழந்தைகளின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை; மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் செய்ததெல்லாம் தொங்கும். மதிப்பீடும் ஏணியில் ஒரு அட்டைதான். பரீட்சை என்று தெரியாமலேயே எழுதிவிட்டு அடுத்த அட்டைக்குப் போவார்கள். முதல் தடவை அந்த வகுப்புக்குள் நுழைந்தபோது எனக்கு அப்பாவின் பட்டறைதான் கண்ணில் தெரிந்தது. ஒருத்தி பீடத்தில், ஒருத்தன் ஆடை மடிப்பில், ஒருத்தன் விரலில். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

அது எல்லா இடத்திலும் அப்படியே நிலைக்கவில்லை. அட்டை கிழிந்தால் புது அட்டை வராது. ஏணியில் எட்டாவது படியில் நிற்கிறவளையும் முப்பதாவது படியில் நிற்கிறவனையும் ஒரே ஆசிரியை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். பெற்றோருக்கு "பிள்ளை வீட்டுப்பாடமே எழுதுவதில்லையே" என்கிற கவலை வேறு.

அடுத்து வந்தது பெரிய மாற்றம். கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு தொடர்ச்சியான, முழுமையான மதிப்பீடு வேண்டும் என்கிறது. அதன்படி 2012-13இல் ஒன்று முதல் எட்டு வரை முப்பருவ முறை வந்தது. தடித்த புத்தகம் மூன்றாகப் பிரிந்து, பிள்ளைகளின் முதுகு நிமிர்ந்தது; அந்த ஒன்றுக்காகவே அதைக் கொண்டாடலாம். மார்க்கும் பிரிந்தது. செயல்பாடுகளுக்கு வளரறி (அ) 20, சிறுதேர்வுகளுக்கு வளரறி (ஆ) 20, பருவத் தேர்வான தொகுத்தறிக்கு 60. வளரறி என்ற சொல் எனக்கு மிகவும் பிடிக்கும். வளர்வதை அறிவது. அப்பா உள்ளங்கையால் செய்தது அதுதானே.

முதல் பருவத்தில் நான் வெறியோடு வேலை செய்தேன். பிள்ளைகளை வயல்வரப்புக்குக் கூட்டிப்போய்ச் சுற்றளவு அளக்கச் சொன்னேன்; பாட்டியிடம் மரக்கால், நாழி, உழக்குக் கணக்கைக் கேட்டு வரச் சொன்னேன். இரண்டாம் பருவத்தில் பதிவேடுகள் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும், ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் கட்டம். பாடம் தவிர வாழ்க்கைத் திறன், மனப்பான்மை என்று தனிக் கட்டங்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்றுதான் பார்த்தார்கள். மூன்றாம் பருவத்தில் கடைகளில் ஆயத்தச் சார்ட்டுகள் வந்துவிட்டன. சூரியக் குடும்பம், இலை வகைகள், வடிவங்கள், எது வேண்டுமோ வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். காசுள்ள வீட்டுப் பிள்ளையின் சார்ட் மினுமினுத்தது. வளரறி 40இல் பெரும்பாலும் எல்லாருக்கும் 36, 37, 38 என்று விழுந்தது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அப்படிப் போட்டவள்தான். அந்த 40, தேர்ச்சி அட்டையில் 60உடன் கூட்டப்படும் என்று தெரிந்த பிறகு, எந்த ஆசிரியருக்கு 22 போடக் கை வரும்? அடுத்த பள்ளியில் 38 போடும்போது என் பிள்ளைக்கு நான் உண்மை எழுதினால் நஷ்டம் யாருக்கு? மேல்நிலை வகுப்பில் மொத்த மார்க் 1200இலிருந்து 600 ஆனபோது ஒவ்வொரு பாடத்திலும் 10 மார்க்கை அகமதிப்பீட்டுக்கு ஒதுக்கினார்கள். அதற்கும் இதே கதிதான். அப்பா பீடத்தைத் தடவியபோது அண்ணனுக்கு யாரும் மார்க் போட்டு ஊருக்கு அறிவிக்கவில்லை. அதனால்தான் அவரால் தயங்காமல் கையை நிறுத்த முடிந்தது, அண்ணனாலும் வெட்கப்படாமல் "தெரியல அப்பா" என்று சொல்ல முடிந்தது. தெரியவில்லை என்று ஒரு பிள்ளை வாய்திறந்து சொல்வதுதான் வளரறி மதிப்பீட்டின் முழு மூலதனம். அதற்கு மார்க் வைத்த அன்றைக்கே பிள்ளைகள் அதை மறைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஹரியானாவின் அரசுப் பள்ளிகளில் தொடர் மதிப்பீட்டு முறையை எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் கற்றலில் அதனால் குறிப்பிடும்படி எந்த முன்னேற்றமும் இல்லை. அதே இடத்தில், தினமும் ஒரு நேரம் ஒதுக்கி, பிள்ளைகளை வகுப்பு வாரியாக இல்லாமல் வாசிக்கும் நிலை வாரியாகப் பிரித்துக் கற்பித்தபோது மொழிப்பாடத்தில் முன்னேற்றம் தெரிந்தது. பதிவேட்டில் எழுதியது எதையும் மாற்றவில்லை. தெரிந்துகொண்டதை வைத்து மறுநாள் வேறு மாதிரி நடத்தியது மாற்றியது. என் அனுபவமும் இதேதான். நம் ஊரில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரிக்கிறார்கள். அந்த யோசனையை நான் முழுமனதோடு வரவேற்கிறேன். பதிவேடும் ஆப்பும் ஆசிரியையின் நேரத்தைத் தின்றுவிடாமல் இருக்க வேண்டும், அதுதான் என் கவலை.

ஆகவே என் கட்சி இது. ஊருக்குச் சொல்கிற மார்க், முகம் தெரியாதவர் போடுகிற பொதுத்தேர்வு மார்க்காகவே இருக்கட்டும். அதை ஒரே நாளில் வைக்காமல் வருடத்துக்கு இரண்டு வாய்ப்பாவது தரட்டும், எட்டு இஞ்சு முகத்தைக் கேட்கிற மாதிரிக் கேள்விகள் அதில் வரட்டும். வகுப்புக்குள் நான் செய்கிற சோதனையை யாரும் அதோடு கூட்ட வேண்டாம். அது எனக்கும் பிள்ளைக்கும் நடுவில் இருக்கட்டும்.

நான் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஆய்வுக்குக் காட்டுகிற நோட்டு இல்லை. தினமும் மூன்று பிள்ளைகளோடு மூன்று மூன்று நிமிடம் உட்கார்கிறேன். ஒரு கணக்கை வாய்விட்டுப் போடச் சொல்கிறேன். எங்கே நின்றது என்று ஒரு வரி எழுதுகிறேன். "கடன் வாங்கிக் கழிக்கும்போது பூஜ்யத்தைக் கண்டால் பயம்." "பின்னத்தில் கீழ் எண் பெரிதானால் பின்னமும் பெரிது என்று நினைக்கிறாள்." நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு சுற்று வர மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரத்தில் இன்னும் கல் மிச்சம் இருக்கும்.

அந்தப் பையனின் பக்கத்தில் நாலு வரி இருக்கிறது. எட்டு இஞ்சு சொன்ன அன்றைக்கே பேனாக் கணக்கையும் அவன் முன்னால் வைத்தேன். ஐந்து பேனா 60 ரூபாய், பன்னிரண்டு பேனா எவ்வளவு? வெகுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று நிமிர்ந்தான்.

"டீச்சர், இதுல தாலம் எது?"

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. கண் கலங்கிவிட்டது. அவனே சொன்னான்: "ஒரு பேனாதான் தாலம். பன்னெண்டு ரூவா."

மூன்றாம் பருவத் தேர்வில் ஒரு விகிதக் கணக்கு வந்தது. அவனுடைய தாளில் ஓரத்தில் ஒரு சின்ன முகம், வெறும் கோட்டில் வரைந்தது. அதற்குப் பக்கத்தில் விடை மட்டும், சரியான விடை. வழிமுறை ஒரு வரிகூட இல்லை. ஐந்துக்கு இரண்டு மார்க் போட்டேன். தாளைக் கொடுத்த அன்றைக்கு நேராக என் மேசைக்கு வந்தான்.

"விடை சரிதானே டீச்சர்?"

"சரிதான் மக்களே. அந்த முகம் என்னன்னு எனக்குத் தெரியும். பத்தாங்கிளாஸ்ல உன் தாளைத் திருத்தப் போறவங்களுக்கு உன்னையும் தெரியாது, உங்க அப்பா பட்டறையையும் தெரியாது. அவங்களுக்கு எப்படிப் புரியும்?"

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தாளை வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய், அந்த முகத்துக்குக் கீழே முதல் வரியை எழுதத் தொடங்கினான்.